சிறு தீவுகளும் ஆட்சியறமும்

பெருநாடுகளை ஆளுதற்கே அறிவும் ஆற்றலும் வேண்டும், சிறு நிலத்தை யாவரும் எளிதில் ஆளலாம் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். யாம் இதற்கு உடன்படோம். கரிபியன் கடலிலுள்ள சிறு தீவுகளை விடுதலைக் காலத்திற் பிரித்தானிய அரசாங்கத்தார் நடத்திய வரலாற்றை நோக்குவார்க்கு உண்மை வேறென்பது விளங்கும்.

அத்தீவுகள் தனித்தனியே நிற்றல் இயலாதெனக் கருதி, 1958ஆம் ஆண்டு ஜனவரியில் பத்து நாடுகளை ஒருங்கு சேர்த்து மேற்கிந்தியக் கூட்டாட்சி நிறுவப்பட்டது. 1961இல் ஜமெய்க்கா மக்கள் வாக்களித்து விலக முடிவு செய்தனர். டிரினிடாடும் அவ்வழி சென்றது. 1962 மே இறுதியிற் கூட்டாட்சி கலைந்தது. எஞ்சிய சிறு தீவுகளுட் பலவற்றிற்கு 1967இல் ‘இணைந்த அரசு’ என்னும் புதுநிலை வகுக்கப்பட்டது. உள்நாட்டு ஆட்சி தீவினர்க்கு, பாதுகாப்பும் வெளிநாட்டுறவும் லண்டனுக்கு என்பது அவ்வேற்பாடு.

இதன்கண் பெரும்பிழை யொன்று நேர்ந்தது. 35 சதுர மைல் பரப்பும் ஏறத்தாழ 6,000 மக்களும் உடைய அங்குவில்லா, சுமார் 70 மைல் அப்பாலுள்ள செயிண்ட் கிட்ஸுடன் பிணைக்கப்பட்டது. செயிண்ட் கிட்ஸ் கரும்புத் தோட்டங்களால் வாழ்ந்த நாடு. அங்குவில்லாவோ வறண்ட நிலம். அதன் மக்கள் மீன்பிடித்தும், மரக்கலம் கட்டியும், தத்தம் சிறு நிலத்தை உழுதும் வாழ்ந்தவர். இவ்விரண்டையும் நெவிஸுடன் சேர்த்து ஓராட்சியின்கீழ் வைத்தது காகிதத்தில் எளிதாயிருந்தது. ஆனால் சட்டமன்றத்தின் பத்து இடங்களுள் அங்குவில்லாவிற்குக் கிடைத்தது ஒன்றே.

அத்தீவினர் பொறுத்திலர். 1967 மே 30ஆம் நாள் செயிண்ட் கிட்ஸ் போலீஸாரை வெளியேற்றினர். ஜூலை 11ஆம் நாள் வாக்கெடுத்தபோது பிரிவினை வேண்டுமென்றார் 1,813 பேர், வேண்டாமென்றார் ஐவரே! அவர்கள் முதலில் விரும்பியது பிரித்தானியத் தொடர்பை அறுப்பதன்று. லண்டனோடு நேரே இணைந்திருப்பதே. அவ்வேண்டுகோள் நிறைவேறாமையின் 1969 பிப்ரவரியிற் குடியரசுக்கு வாக்களித்தனர். மார்ச்சு 19ஆம் நாள் ஏறத்தாழ 300 படைவீரரும் லண்டன் மாநகர்ப் போலீஸாரும் அங்கு இறங்கினர். உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை. தம்மைவிட்டு நீங்க விரும்பாதிருந்த மக்கள்மீது படையனுப்பிய இச்செயலை உலகம் கண்டு நகைத்தது.

செயிண்ட் கிட்ஸ் முதல்வர் பிராட்ஷாவின் பக்கமும் நியாயம் உண்டென்பாருளர். தீவுதோறும் பிரிவினை கோரின் எந்நாடு நிலைபெறும் என்பது அவர் கேள்வி. அதனை எளிதில் ஒதுக்குதற்கில்லை. எனினும், ஒற்றுமை என்பது உடன்பட்டார் இடையே பிறப்பது. கோப்புகளின் வசதிக்காகக் கட்டப்பட்ட முடிச்சு ஒற்றுமை யாகாது. அத்துணைச் சிறு நிலம் தன்காலில் நில்லாது என்ற கூற்றும் பொய்த்தது. இன்று அத்தீவு வெளிநாட்டுப் பயணிகளின் வரவாலும், இணையத்தில் தனக்குரிய ஈரெழுத்து முகவரியைப் பிறர்க்கு வழங்கிப் பெறும் கட்டணத்தாலும் வாழ்கின்றது.

1971இல் லண்டன் அத்தீவின் ஆட்சியை நேரே ஏற்றது. 1976இல் தனி அரசியலமைப்புத் தந்தது. 1980 டிசம்பர் 19இல் பிரிவினை முறைப்படி நிறைவேறிற்று. 1967இற் கேட்டதைக் கொடுக்கப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன! முன்னரே வினவியிருப்பின் படையும் பழியும் வேண்டியிரா.

ஆயின், மக்கள் விரும்பியதைக் கொடுத்தபின் வாளாவிருத்தலும் அறமன்று. டர்க்ஸ்–கேக்கோஸ் தீவுகளில் ஊழற் குற்றச்சாட்டு மிகவே, 2009இல் லண்டன் அங்குள்ள அமைச்சரவையையும் சட்டமன்றத்தையும் நிறுத்தி, 2012 வரை நேரே ஆண்டது. சில அமைச்சர் தவறின் பொருட்டு மக்களனைவரும் மூன்றாண்டு வாக்கிழந்தனர். காலத்தே கண்காணித்திருப்பின் இக்கடுமை வேண்டியதில்லை. அசட்டையாயிருந்து பின் சினந்தெழுவது ஆட்சியன்று.

நம் மாணவருட் சிலர் நாளை அலுவலகங்களில் அமர்ந்து, தாம் காணாத ஊர்களைப்பற்றி ஆணையெழுதுவர். அன்று அவர்கள் அங்குவில்லாவை நினைவார்களாக. படத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றும் இடமும் அங்கு வாழ்வார்க்கு முழு உலகமே. அவர்களைப்பற்றி முடிவு செய்யுமுன் அவர்களைக் கேட்பதே ஆட்சியறத்தின் முதற்பாடம் என யாம் கருதுகின்றோம்.