வீடு தேடி வருகிற ஆள்

திருவண்ணாமலையில் அவலூர்பேட்டை சாலை என்றொரு சாலை உண்டு. மேல்மலையனூர் வட்டத்து மக்கள் கிரிவலத்துக்குப் போன அந்த வழிதான் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன வழியும். நோயென்றால் ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். கிளம்பினால் பஸ் செலவு, கூட வருகிறவருக்கும் சேர்த்து கூலி நட்டம். வேர்க்கடலை பிடுங்கும் பருவமென்றால் எவ்வளவு இருமினாலும் கிளம்ப மாட்டார்கள். வைத்தியம் வேண்டுமானால் நாம்தான் போக வேண்டும் என்கிற இந்த வழக்கத்தை ஆதாரத்தோடு அசைத்துக் காட்டிய ஆய்வு நம் மாநிலத்தில்தான் நடந்தது. அதில் பாதிப் பாடத்தைத்தான் நாம் படித்தோம் என்பது என் ஆதங்கம்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கூட்டு. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர். காசம் என்றால் அன்றைக்கு சானடோரியம்தான். டேவிட் சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் தொடங்கியதைப் போல ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடம், மாதக்கணக்கில் படுக்கை, ஓய்வு, பால், முட்டை. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். ஆகவே இல்லாமையே ஆய்வின் கேள்வியாயிற்று: படுக்கையில்லாமல், குடிசையில் வைத்தே குணமாக்க முடியுமா?

சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறு பாதி வீட்டிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள், ஐசோனயசிடும் பாஸும் (PAS), ஓராண்டுக்கு. வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, நெரிசல் அதிகம், ஓய்வும் அவ்வளவாக இல்லை. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவீதம். வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதைப் பின்னர் ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து உறுதிசெய்தார்கள். முதல் முடிவு 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. அதன்பின் உலகெங்கும் காச சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

எல்லோரும் மருந்தைத்தான் கொண்டாடினார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஆய்வில் வீடு வீடாகப் போன சுகாதாரப் பார்வையாளர். சொல்லாமல் கொள்ளாமல் வருவார். மீதியிருக்கும் மருந்தை எடுத்துவரச் சொல்லி எண்ணுவார். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் மாதிரி வாங்கிப் போவார். பாஸ் தினமும் நிறைய விழுங்க வேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. இருமல் நின்றதும் விட்டுவிடத் தோன்றும். அப்படி விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டது அந்த வருகைகள். அதே மையம் அடுத்துச் செய்த ஆய்வுகளிலிருந்துதான், கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறைக்கு அடித்தளம் கிடைத்தது. 86 என்ற எண்ணுக்குள் ஒரு மனிதரின் நடை இருக்கிறது.

சோறும் முக்கியமில்லை என்று அந்த எண்ணைப் படித்தவர்களும் உண்டு. அது தவறான வாசிப்பு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் தானியமும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசம் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. வந்த நோயை மருந்து தீர்க்கும்; வராமல் காப்பதில் தட்டுக்குப் பெரிய பங்குண்டு.

கல்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில், பாதிக்கு அரை நாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள். அங்கன்வாடிக்குள் ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரே அம்மா எடை பார்க்கிறார், பதிவேடு எழுதுகிறார், கர்ப்பிணிக்கு சத்துமாவு கொடுக்கிறார், வீடு வீடாகப் போகிறார். இடையில் பாட்டும் எழுத்தும் சொல்லித்தர நேரமேது? கூடுதல் ஆள் வந்ததும் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். பழைய ஊழியருக்குக் கை ஒழிந்ததால் வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. அமர்த்தப்பட்டவர்கள் பெரிய படிப்பாளிகளல்ல, அந்தந்தப் பகுதிப் பெண்கள்.

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்து இழப்பை ஏறத்தாழ 19,000 கிராமத்துக் குழந்தைகளிடம் ஆய்வாளர்கள் அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு, மாலையில் தெருவிலும் திண்ணையிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களால் வந்தது. அவர்களுக்குத் தரப்பட்டது மாதம் 1,000 ரூபாய்.

2022-ல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதே வழி. நோயாளி பிடிமானமில்லாமல் எழுந்து நிற்கிறாரா, மூச்சு எத்தனை, உடல் எத்தனை மெலிவு என்று ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியரே பார்த்து, ஆபத்தானவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார். எக்ஸ்ரேகூட வேண்டாம், ஆள் வேண்டும்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வு மாற்றி ஆய்வு காட்டுவது இந்த ஆளைத்தான். ஆனால் அரசுக் கணக்கில் அவர் பெறுவது சம்பளமல்ல, ஊக்கத்தொகை, மதிப்பூதியம். அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022-ல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. தமிழ்நாடு அவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது, பல மாநிலங்களைவிட அது மேல், அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் முழுமையான காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் தெருவில் உட்காரும்போது, நிதி நெருக்கடி என்று பதில் வருகிறது. மருந்துக்கு ஆதாரம் கிடைத்தால் கொள்முதல் ஆணை போடுகிறோம். மனிதருக்கு ஆதாரம் கிடைத்தால் மட்டும் ஏன் பாராட்டுச் சான்றிதழோடு நிறுத்துகிறோம்?

மேல்மலையனூர் வட்டத்தில் எத்தனை அங்கன்வாடிகளில் ஊழியர் இடம் காலி, எத்தனை துணை சுகாதார நிலையங்களில் கிராம சுகாதார செவிலியர் இல்லை என்ற இரண்டு எண்களையும் அடுத்த கிராம சபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். அவலூர்பேட்டையிலிருந்தே தொடங்கலாம். காலி இடம் எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும் என்பதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.