தொண்ணூறு மணி நேரமாம்!

வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்கிறார் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தம் வேறு. வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று ஒரு கேள்வி. 2025 ஜனவரியில் பேப்பரில் படித்தபோது காபி கசந்துவிட்டது. 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 70 என்றார். இப்போது 90. ஏலமா நடக்கிறது? ஞாயிறையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய 13 மணி நேரம்.

அந்தப் பொங்கலுக்கு என் தங்கை மகன் வந்திருந்தான். அவனும் என்ஜினீயரிங் கம்பெனிதான், வேறொன்று, பேர் வேண்டாம். "வேலை பிடிச்சிருக்காப்பா?" என்றேன்.

"வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு மாமா. பாலத்துக்கு கான்கிரீட் போட்டா நடுவுல நிறுத்த முடியாது. விடிய விடிய நின்னோம். காலையில பார்த்தப்போ அவ்வளவு சந்தோஷம். ஞாயித்துக்கிழமை மீட்டிங் வச்சு, போன வாரம் சொன்னதையே திரும்பச் சொல்ல வைக்கிறாங்க பாருங்க, அதான் தாங்கல."

சொல்லி முடிக்கவில்லை, போன் அடித்தது. மொட்டை மாடிக்குப் போய்விட்டான். கீழே பானை பொங்கி வழிந்தது. அவன் மகள் மட்டும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாள்.

பையன்கள் சோம்பேறிகள் இல்லை ஐயா. வேலையை நேசிக்கிறவனைத்தான் இப்படிக் கறக்கிறார்கள். தொழிலாளிக்கு வாரம் 48 மணி, அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி என்று 1948-லேயே ஃபேக்டரி சட்டம் வந்தது. இவனுக்கு மானேஜர் என்று ஒரு பேரைக் கொடுத்து ஓ.டி. இல்லை என்றாக்கிவிட்டார்கள்.

சர்க்கார் குமாஸ்தா பேசுகிற பேச்சா இது என்பீர்கள். நானும் மார்ச் மாதக் கணக்கு முடிக்க ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்தவன்தான். ஆனால் அதை மார்ச்சோடு விட்டோம். வருஷம் முழுக்க மார்ச் ஆக்கவில்லை.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு 1936 பாடம் உண்டு. லெயோன் புளூம் ஆட்சியில் வாரம் 40 மணி, இரண்டு வாரம் கொன்ழே பேயே, அதாவது சம்பளத்தோடு லீவு. அதே வருஷம் ஜூலை 30 அன்று, அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், நம் சவானா மில் வாசலில் 12 தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அது பாடப் புத்தகத்தில் இல்லை. அப்பா சொல்லித்தான் தெரியும். எட்டு மணி நேர வேலை அதற்குப் பிறகு 1937-ல் புதுச்சேரிக்கு வந்தது. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2023-ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ். கத்தினால் நடக்கிறது. என்ஜினீயர் பிள்ளைகளுக்குத்தான் சங்கம் என்றாலே கூச்சம்.

ஜூலை 30 அன்று அவனை அந்த நினைவிடத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். லீவு கேட்டிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை.