தன்னை ஆராயும் தலைமை

வணிகன் நாள்தோறும் கணக்குப் பார்க்கின்றான். வந்த சரக்கு எவ்வளவு, விற்ற சரக்கு எவ்வளவு, கையில் நின்ற ஊதியம் எவ்வளவு என்று எண்ணி எழுதுகின்றான். துலாக்கோல் சரியாக நிற்கின்றதா என்றும் பார்க்கின்றான். ஆனால், அக்கோலைப் பிடித்திருக்கும் தன் மனம் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்று ஆராய்வோர் மிகச் சிலரே. தொழில் நெடுங்காலம் நிலைத்து வாழவேண்டுமாயின், கணக்காய்வினும் முதன்மையாக வேண்டுவது இந்த அகத்தாய்வே ஆகும்.

இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர் அமெரிக்க நாட்டுத் தொழிலதிபர் ரே ஆண்டர்சன். ஜார்ஜியா மாநிலத்தில் 1934ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1973ஆம் ஆண்டில் இன்டர்ஃபேஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஓடு பதிப்பது போலத் தரையில் பதிக்கத்தக்க சதுரக் கம்பளத் துண்டுகளைச் செய்வது அதன் தொழில். அதற்கு வேண்டிய நைலான் இழை பெட்ரோலிய எண்ணெயிலிருந்து பெறப்படுவது. தொழில் ஓங்கியது, வெளிநாடுகளிலும் ஆலைகள் எழுந்தன. சட்டத்திற்கு இணங்கி நடந்தமையால், தம் தொழிலில் குறையொன்றும் இல்லை என்றே அவர் இருபது ஆண்டுகள் எண்ணியிருந்தார்.

1994ஆம் ஆண்டில் வாடிக்கையாளர் சிலர், சுற்றுச்சூழலைக் காக்க அந்நிறுவனம் என்ன செய்கின்றது என்று வினவினர். அவ்வினாவை ஆராய அமைந்த குழுவினர், தம்முன் உரையாற்றுமாறு ஆண்டர்சனை வேண்டினர். சட்டத்தை மீறவில்லை என்பதற்கு மேல் சொல்லுதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. அந்நிலையில் பால் ஹாக்கன் என்பார் எழுதிய நூலொன்று அவர் கைக்கு வந்தது. அதனைப் படித்தபோது நெஞ்சில் வேல் பாய்ந்தது போல் இருந்ததென்று அவர் பிற்காலத்தில் கூறினார். பூமியைக் கொள்ளையிடுவோருள் தாமும் ஒருவர் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவரை எந்த நீதிமன்றமும் அழைக்கவில்லை. அவர் நெஞ்சமே வழக்காடியது. அவர் நெஞ்சமே தீர்ப்பும் கூறியது.

வருந்துதல் எளிது, அவ்வருத்தம் செயலாதல் அரிது. தம் நிறுவனம் இயற்கைக்கு விளைக்கும் தீங்கை 2020ஆம் ஆண்டிற்குள் முற்றும் ஒழிப்பது என்று அவர் குறிக்கோள் வகுத்தார். ஆலைகளில் கழிவும் எரிபொருளும் அளந்து பார்க்கப்பட்டன. கழிவு குறையவே செலவும் குறைந்தது. பழைய கம்பளங்கள் மீண்டும் மூலப்பொருளாயின. 2011ஆம் ஆண்டில் ஆண்டர்சன் மறைந்தார். அவர் தொடங்கிய பணி மறையவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டுக் கடற்கரைகளில் கைவிடப்பட்ட மீன்வலைகளைத் திரட்டி இழையாக்கும் முயற்சி 2012ஆம் ஆண்டில் எழுந்தது. குறிக்கோளை எய்திவிட்டதாக நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவித்தது.

மனத்தை ஆராய்வது துறவியர்க்கு உரியது. வணிகர்க்கு வேண்டுவது ஊதியமே என்பர் சிலர். அவர் கூற்றிலும் ஓர் உண்மை உண்டு. ஊதியம் இல்லாத தொழில் நில்லாது. தொழிலாளர்க்குக் கூலியும் கிடையாது. எனினும், இன்றைய ஊதியத்தை மட்டும் காணும் கண், நாளைய இழப்பைக் காணாது. தன் குறையைக் காண மறுக்கும் தலைவனிடம் அக்குறையை எடுத்துச் சொல்லப் பணியாளரும் அஞ்சுவர். பிழை மறைந்து வளரும்; வளர்ந்தபின் தொழிலையே வீழ்த்தும். வாடிக்கையாளரின் வினாவை ஆண்டர்சன் தட்டிக் கழித்திருந்தால், கழிவாய்ப் போன பொருளின் அளவை அவர் அறிந்திருக்கவே மாட்டார்.

அகத்தாய்வு மட்டும் போதும் என்பதும் பொருந்தாது. அளந்து பாராத அகத்தாய்வு, நாளடைவில் தற்புகழ்ச்சியாய் மாறிவிடும். உள்ளத்தில் கண்ட குறையை ஊரறிய ஒப்புக்கொள்ளுதல், அதனைத் தீர்க்கக் காலவரை வகுத்தல், ஆண்டுதோறும் அளந்து பார்த்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதே அது தலைமைக்கு அடிப்படையாகின்றது.

பெரிய ஆலைக்கும் சிறிய கடைக்கும் இது பொதுவான நெறி. இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருட் பலர் நாளை தொழில் நடத்துவர்; பிறரை நடத்துவர். நாளின் முடிவில் கணக்கேட்டை மூடுமுன், தம் நெஞ்சத்தையும் ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கம் அவர்க்கு இளமையிலேயே அமைதல் வேண்டும். தன்னை ஆராய்ந்தவனே பிறரை நடத்தத் தக்கவன்.