நாய் குரைக்கலாம், கோழி கொக்கரிக்கக் கூடாதா?

எங்கள் லேஅவுட் அசோசியேஷன் போன மாதம் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இனி வீட்டு வளாகத்தில் கோழி, வாத்து எதுவும் வளர்க்கக் கூடாதாம். ஐதராபாத் ஓரத்தில் நூத்திச் சொச்சம் தனி வீடுகள் உள்ள இடம் இது. கோழி இருப்பது ஒரே ஒரு வீட்டில். ஆக, அது எனக்கு மட்டும் எழுதிய கடிதம் :-)

இருப்பது ஆறு பெட்டைக்கோழி. சேவல் கிடையாது. சேவல் இல்லாமல் எப்படி முட்டை என்று எம்.டெக். படித்தவர்களே கேட்கிறார்கள். குஞ்சு பொரிக்கத்தாங்க சேவல் வேணும், முட்டைக்கு வேண்டாம்.

முதல் புகார் சத்தம். கூவுவது சேவல். பெட்டை முட்டையிட்டதும் கொஞ்ச நேரம் கொக்கரிக்கும், இருட்டினால் மூச்சு விடாது. ராத்திரி ரெண்டு மணிக்குத் தெருவையே எழுப்புகிற வளர்ப்பு நாய்களுக்குச் சுற்றறிக்கை இல்லை.

இரண்டாவது நாற்றம். ஈரம் தேங்கினால்தான் நாறும். கூண்டில் உமியும் காய்ந்த இலையும் போட்டு, நனைந்ததை அள்ளிவிட்டால் வாடை வராது. அள்ளிய எச்சம் மட்கி வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது.

மூன்றாவது நோய். இது நியாயமான பயம். பறவைக் காய்ச்சல் 2006ல் மகாராஷ்டிராவின் நவாபூரில் பெரிய பண்ணைகளில் வந்தது, 2008ல் மேற்கு வங்கத்தில் கொல்லைக் கோழிகளுக்கும் வந்தது. அதனால்தான் வலைபோட்ட கூண்டு, காட்டுப்பறவை வாய் வைக்காத தண்ணீர். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. இதையெல்லாம் விதியாக எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஒரேயடியாகத் தடை எதற்கு?

இன்னொரு வேடிக்கை. கொல்லையில் வளர்ப்பதற்கென்றே வனராஜா, கிராமப்ரியா என்ற கோழிகளை உருவாக்கியது இதே ஊர் ராஜேந்திரநகரில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம். எங்கள் ஆறும் கிராமப்ரியாதான்.

சுற்றறிக்கைக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டவர்களில் ரெண்டு பேர் நம்மூர்க்காரர்கள். "இதெல்லாம் ஊரோட விட்டுட்டு வரணும் சார்" என்றார் ஒருவர். உண்மையான காரணம் இதுதான், சத்தமும் நாற்றமும் சும்மா. கோழி என்றால் கிராமம், கிராமம் என்றால் கௌரவக் குறைச்சல்.

அதே நண்பர் வீட்டில் 'நாட்டு முட்டை' என்று பழுப்பு முட்டை வாங்குகிறார்கள், வெள்ளையைப் போல ரெண்டு மடங்கு விலை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கோழி எங்கே வளர்ந்தது என்று அட்டைப்பெட்டியில் இருக்காது. நம் நாட்டு முட்டைப் பண்ணைகளில் பெரும்பாலும் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லை. தீவனத்தில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலக்காதே என்று அரசு 2019ல் தடையே போட வேண்டியிருந்தது. அது கண்ணில் படாது, அதனால் பரவாயில்லை. எங்கள் வீட்டுக் கோழி கண்ணில் படுகிறது, அதுதான் குற்றம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அப்பா போன பிறகு அம்மாவை இங்கே கூட்டி வந்தோம். நம்மில் பலர் செய்வதுதான். நாமும் பிள்ளைகளும் கிளம்பிய பிறகு, பாஷை தெரியாத ஊரில் அவர்கள் பகல் முழுக்க என்ன செய்வார்கள் என்று யோசித்திருக்கிறோமா? சீரியலும் பால்கனியும்தான். அம்மாவுக்கு இந்த ஆறு கோழிதான் வேலை. காலையில் திறந்துவிட்டுக் குருணை போடுவார், சாயங்காலம் எண்ணி அடைப்பார். முட்டை எடுக்க வரும் தெருப்பிள்ளைகளிடம்தான் தெலுங்கு கற்றார். கோழிக்குக் 'கோடி', முட்டைக்குக் 'குட்டு'. இன்றைக்கு அவர் பேசும் தெலுங்கு மொத்தமும் கூண்டுப் பக்கத்தில் வந்தது. இதை எடுத்துவிட்டு அவருக்கு என்ன கொடுப்பது? யோகா வகுப்பா?

வருகிற ஞாயிறு பொதுக்குழு. நான் கேட்கப்போவது இவ்வளவுதான்: வீட்டுக்கு ஆறு வரை, சேவல் கூடாது, தடுப்பூசி கட்டாயம், புகார் வந்தால் வந்து பாருங்கள். நம்மூர்க் குடும்பங்கள் எல்லாரும் வாங்க. கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரும் அவசியம் வாங்க. அம்மாவையும் கூட்டி வருகிறேன். கோழியை ஏன் அனுப்பணும்னு அவங்ககிட்ட நீங்களே தமிழ்ல சொல்லிடுங்க.