மார்மன் சபையை விட்டுப் போகும் பிள்ளைகள்: அம்மாக்கள் ஏன் அழுகிறார்கள்?

மகன் வீட்டுச் சமையலறையில் புதிதாக ஒரு காபி மெஷின். அதைப் பார்த்து ஒரு அம்மாவுக்கு அழுகை வருமா? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வரும். மார்மன் சபையின் விதிப்படி காபி, டீ, மது, புகையிலை எதையும் தொடக் கூடாது. மெஷினைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிடும், மகன் சபையை விட்டுவிட்டான் என்று. அவன் வாயால் சொல்லத் தயங்கி, மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட விஷயம் அது.

'ஒரு காபிக்கா இவ்ளோ அழுகை?' என்று கேட்கத் தோன்றும். அவர்களுடைய சொர்க்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டோம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. சபையின் அதிகாரப்பூர்வப் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கினார். அவர் கொல்லப்பட்ட பிறகு, பிரிகாம் யங் தலைமையில் மக்கள் 1847-ல் யூட்டாவுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றும் தலைமையகம் சால்ட் லேக் சிட்டிதான். உலகம் முழுக்க ஒரு கோடியே 70 லட்சம் உறுப்பினர்களுக்கு மேல் இருப்பதாகச் சபை சொல்கிறது. நமக்குப் பக்கத்தில் பெங்களூருவில் ஆலயம் கட்டப்போவதாக 2018-ல் அறிவித்தார்கள். அதே ஆண்டில்தான், 'மார்மன்' என்று எங்களை அழைக்காதீர்கள் என்று சபைத் தலைவர் கேட்டுக்கொண்டார். ஆனால் விட்டு வந்தவர்கள் தங்களை 'எக்ஸ்-மார்மன்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையிலும் அதே சொல்.

சொர்க்கத்தில் ஒரு காலி நாற்காலி

பெரும்பாலான கிறிஸ்தவச் சபைகளில் திருமணம் 'மரணம் பிரிக்கும்வரை'. மார்மன்களுக்கு அப்படி இல்லை. ஆலயத்துக்குள் 'சீலிங்' என்று ஒரு சடங்கு உண்டு. முத்திரையிடுவது என்று பொருள். அதில் கணவனும் மனைவியும் நித்தியத்துக்கும் இணைக்கப்படுகிறார்கள். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் பிறக்கும்போதே அந்த இணைப்புக்குள் வந்துவிடுகிறார்கள். செத்த பிறகும் அதே அப்பா, அதே அம்மா, அதே பிள்ளைகள், ஒரே குடும்பம்.

எவ்வளவு அழகான நம்பிக்கை! உண்மையாகவே சொல்கிறேன், கிண்டல் இல்லை. ஒரு குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இதைவிடப் பெரிய ஆறுதலை எந்த மதம் தர முடியும்?

சிக்கல் என்னவென்றால், இதற்கு நிபந்தனை இருக்கிறது. மார்மன் போதனைப்படி மறுமையில் மகிமையின் மூன்று நிலைகள் உண்டு. குடும்பமாகச் சேர்ந்து வாழ்வது மேல்நிலையில் மட்டும்தான். அங்கே போக ஞானஸ்நானம் வேண்டும், ஆலயச் சடங்குகள் வேண்டும், எடுத்த உடன்படிக்கைகளைக் கடைசிவரை காக்கவும் வேண்டும். சபையிலிருந்து முறைப்படி விலகினால் அந்தச் சடங்குகளின் பலன் ரத்தாகிறது. அப்படியானால், ஐந்து பிள்ளைகளில் ஒருவன் விலகினால் அம்மாவின் கணக்கில் என்ன நடக்கிறது? சொர்க்கத்துச் சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி காலி. இந்த 'காலி நாற்காலி' என் கற்பனை இல்லை. மார்மன் வீடுகளிலும் பிரசங்கங்களிலும் சாதாரணமாகப் புழங்கும் உருவகம்.

மகன் 'எனக்கு நம்பிக்கை இல்லம்மா' என்கிறான். அம்மாவின் காதில் அது 'எனக்கு நீ வேண்டாம்மா' என்று விழுகிறது. பிரச்சினையின் வேர் இதுதான்.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. உலகத்திலேயே மிகப்பெரிய வம்சாவளி ஆவணச் சேகரிப்புகளில் ஒன்று இந்தச் சபையிடம்தான் உள்ளது. 'ஃபேமிலி சர்ச்' என்ற அவர்களுடைய இலவச இணையதளத்தை வேறு மதத்தவர்களும் தாத்தா, பாட்டி பெயர் தேடப் பயன்படுத்துகிறார்கள். யூட்டாவில் ஒரு மலையைக் குடைந்து மைக்ரோஃபிலிம் சுருள்களைப் பாதுகாக்கிறார்கள். எதற்கு? எப்போதோ இறந்துபோன முன்னோருக்கும் பதிலாள் வைத்து ஞானஸ்நானம் கொடுத்து, சீலிங் செய்து, குடும்பச் சங்கிலியில் சேர்ப்பதற்கு. முகம்கூடத் தெரியாத கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் பிடிக்க இத்தனை உழைப்பு. பக்கத்துத் தெருவில் இருக்கும் மகனோடு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் பேச மட்டும் வார்த்தை வருவதில்லை.

கதவுக்கு வெளியே நின்ற பெற்றோர்

மார்மன் ஆலயமும் வாராந்திர வழிபாட்டுக் கூடமும் வேறு வேறு. கூடத்துக்கு யாரும் போகலாம். ஆலயத்துக்குள் போக 'டெம்பிள் ரெகமெண்ட்' என்ற அட்டை வேண்டும். அதற்கு முதலில் உள்ளூர் பிஷப்பிடமும், பிறகு அவருக்கு மேலே இருக்கும் தலைவரிடமும் நேர்காணல். நம்பிக்கை இருக்கிறதா, தசமபாகம் (வருமானத்தில் 10 சதவீதம்) செலுத்துகிறீர்களா, உணவு விதியைக் கடைப்பிடிக்கிறீர்களா, பாலியல் ஒழுக்கம் எப்படி என்று கேள்விகள் வரும். அட்டை இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அப்புறம் மறுபடி நேர்காணல்.

சீலிங் நடப்பது ஆலயத்துக்குள். அட்டை இல்லாதவருக்கு உள்ளே இடமில்லை. மணப்பெண்ணின் அப்பாவாக இருந்தாலும் இதுதான் விதி.

யோசித்துப் பாருங்கள். பெற்று வளர்த்த மகளின் கல்யாணம். நீங்கள் கோட், டை கட்டிக்கொண்டு வெளியே காத்திருக்கும் அறையிலோ, தோட்டத்துப் பெஞ்சிலோ உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் கழித்து மகள் வெளியே வருகிறாள். போட்டோவுக்கு நிற்கிறீர்கள். அவ்வளவுதான். சபையை விட்டுப் போனவர்களுக்கு மட்டுமல்ல, மகள் மட்டும் மதம் மாறி உள்ளே போயிருக்க, மார்மனே அல்லாத பெற்றோருக்கும் இதே நிலைதான். வயது வராத தம்பி, தங்கைகளுக்கும் அப்படியே.

சரி, எல்லோரும் பார்க்க வெளியே ஒரு திருமணம், பிறகு ஆலயத்துக்குள் சீலிங் என்று வைத்துக்கொள்ளலாமே? அமெரிக்காவிலும் கனடாவிலும் 2019 வரை அதற்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. வெளியே சட்டப்படி திருமணம் செய்தால், சீலிங்குக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் ஊர் என்ன பேசும்? 'ஏதோ தப்பு பண்ணியிருப்பாங்க, அதான் ஆலயத்துல பண்ணல.' எந்த ஜோடி அதைத் தாங்கும்? பெரும்பாலானவர்கள் பெற்றோரை வெளியே நிறுத்தவே முடிவு செய்தார்கள். மனசு கேட்காதவர்கள் பிறகு வெளியே மோதிரம் மாற்றும் நிகழ்ச்சி ஒன்று நடத்தினார்கள். அதிலும் திருமண உறுதிமொழி எடுக்கக் கூடாது.

என்னை உறுத்துவது இதற்கு அடுத்த தகவல். இதே காலத்தில் பிரிட்டன் போன்ற நாடுகளில் இந்த விதி இல்லை. அங்கே மூடிய கதவுக்குள் நடக்கும் திருமணத்தைச் சட்டம் ஏற்காது. அதனால் அங்குள்ள மார்மன் ஜோடிகள் முதலில் எல்லோர் முன்பும் கல்யாணம் செய்துவிட்டு, பிறகு ஆலயத்துக்குப் போய் சீலிங் செய்துகொண்டார்கள். ஒரு வருடக் காத்திருப்பு கிடையாது. லண்டனில் புனிதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, யூட்டாவில் மட்டும் வந்துவிடுமா?

2019 மே 6-ம் தேதி சபைத் தலைமை ஒரு கடிதம் அனுப்பியது. ஒரு வருடக் காத்திருப்பு எல்லா நாடுகளிலும் நீங்கியது. குடும்பங்கள் சேர்ந்து மகிழ இது வழிசெய்யும் என்பதுதான் கொடுத்த விளக்கம். நல்ல முடிவு, சந்தேகமே இல்லை. ஆனால் 2018-ல் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அந்தக் கடிதத்தால் எதுவும் திரும்பக் கிடைக்காது.

ஏன் விலகுகிறார்கள்?

சபைக்குள் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. யாரோ மனதைப் புண்படுத்திவிட்டார்கள் அல்லது அவர்களுக்குப் பாவம் செய்ய ஆசை. விலகியவர்களுக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இந்த விளக்கம்தான்.

பலருக்கு ஆரம்பம் வாசிப்பு. இணையம் வந்த பிறகு பழைய வரலாறு எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. சபையே 2013 முதல் தன் இணையதளத்தில் சிக்கலான விஷயங்கள் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டது. ஜோசப் ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவிகள் வரை இருந்திருக்கலாம் என்றும், அவர்களில் ஒருவருக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை என்றும் 2014-ல் அதிலேயே எழுதினார்கள். கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் மறுக்கப்பட்டது பற்றியும் ஒரு கட்டுரை உண்டு. ஹான்ஸ் மேட்சன் என்பவர் ஸ்வீடனில் சபையின் உயர்பொறுப்பில் இருந்தவர். இப்படிப்பட்ட கேள்விகளால் தனக்கு வந்த சந்தேகங்களை 2013-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிப்படையாகச் சொன்னார்.

எக்ஸ்-மார்மன்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு: 'என் அலமாரி உடைஞ்சிடுச்சு.' பதில் கிடைக்காத சந்தேகங்களை ஒவ்வொன்றாக மனதின் அலமாரியில் ஏற்றி வைக்கிறார்கள். ஒருநாள் பாரம் தாங்காமல் பலகை முறிகிறது.

பலருக்கு அந்த நாள் 2015 நவம்பர். ஒரே பாலினத்தவரை மணந்தவர்கள் விசுவாச துரோகிகள் என்றும், அவர்களுடன் வாழும் பிள்ளைகள் 18 வயதுவரை ஞானஸ்நானம் பெற முடியாது என்றும் ஒரு விதி வந்தது. பலர் கூட்டமாக விலகல் கடிதம் கொடுத்தார்கள். 'இமேஜின் டிராகன்ஸ்' பாடகர் டான் ரெனால்ட்ஸ் மார்மன் குடும்பத்தில் வளர்ந்தவர், சபை ஊழியத்துக்கும் போய் வந்தவர். தன்பாலின இளைஞர்களுக்காக அவர் 2017-ல் யூட்டாவில் 'லவ்லவுட்' இசை விழாவைத் தொடங்கினார். 2019 ஏப்ரலில் அந்த விதியையும் சபை திரும்பப் பெற்றது. மூன்றரை வருடம்!

எண்ணிக்கை என்ன சொல்கிறது? மார்மனாக வளர்ந்த அமெரிக்கர்களில் 70 சதவீதம் பேர் பெரியவர்களான பிறகும் மார்மன்களாக இருந்தார்கள் என்று பியூ ஆய்வு மையம் 2007-ல் கண்டது. 2014-ல் அது 64 சதவீதம்.

கட்டிப்பிடிக்கும்போது ஒரு சோதனை

விலகுவதற்கு ஒரு கடிதம் போதும். அதற்குப் பிறகு வரும் வாழ்க்கைதான் கடினம். யூட்டாவின் பல ஊர்களில் பக்கத்து வீட்டுக்காரரும் சபை உறுப்பினர்தான். எந்தக் கூடத்துக்குப் போக வேண்டும் என்பதே நீங்கள் வசிக்கும் தெருவைப் பொறுத்தது. குழந்தை பிறந்தால் சாப்பாடு கொண்டுவருவது, வீடு மாறும்போது சாமான் தூக்குவது எல்லாம் சபை ஆட்கள். வேலையும் நட்பும் பெரும்பாலும் அந்த வட்டத்திலேயே. சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மார்மனாகச் சேர்ந்த மாணவர் நடுவில் முறைப்படி விலகினால், அங்கே படிப்பதற்குத் தேவையான சபைப் பரிந்துரையே போய்விடும். அதனால் பட்டம் வாங்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஆலயச் சடங்கு முடித்தவர்கள் தினமும் அணியும் புனித உள்ளாடை ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் மகளை அத்தை கட்டிப்பிடிக்கும்போது, முதுகில் கை லேசாகத் தேடும். துணியின் ஓரம் தட்டுப்படுகிறதா? விலகியவர்கள் பாதி சிரிப்பும் பாதி வலியுமாகச் சொல்லும் விஷயம் இது.

பிள்ளைகளுக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம். வழக்கமாக அப்பாதான் கையைப் பிடித்துத் தண்ணீரில் முழுக வைப்பார். அப்பா முறைப்படி விலகியிருந்தால் குருத்துவம் போய்விட்டது, அவரால் முடியாது. தாத்தாவோ மாமாவோ தண்ணீரில் இறங்க, அப்பா கரையில் துண்டோடு நிற்பார். அம்மா இன்னும் நம்புகிறவர், அப்பா நம்பாதவர் என்ற வீடுகளில் இது தவிர்க்க முடியாத நாள்.

பெற்றோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வாழ்நாள் முழுக்க 'நல்லா வளர்த்தா பிள்ளை தவற மாட்டான்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பிள்ளை விலகியதும் சபையில் எல்லோரும் அனுதாபமாகப் பார்ப்பார்கள், அந்தப் பார்வையே தீர்ப்பாகத் தோன்றும். அந்த நேரத்தில் மகன் வந்து ஜோசப் ஸ்மித்தின் மனைவிகள் பட்டியலைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தால் என்ன ஆகும்? புதிதாக விலகியவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். படித்த எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் அம்மாவுக்குப் புரியவைக்கத் துடிக்கிறார்கள். அம்மா தன் பங்குக்கு, பேரனிடம் ரகசியமாகச் சபைக் கதைகள் சொல்கிறார். இரண்டுமே வேண்டாத வேலை.

குடும்பங்கள் தாங்களாகவே கண்டுபிடித்த ஏற்பாடுகள் பரவாயில்லை. அப்பா வீட்டில் ஜெபம் நடக்கும்போது மகன் தலையை மட்டும் குனிந்து நிற்பான். மகன் வீட்டில் காபி மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கும், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேரப்பிள்ளைகளிடம் மதம் பேசுவதற்கு முன் பெற்றோரைக் கேட்க வேண்டும்.

சபையின் பங்கு இதைவிடப் பெரியது என்பது என் கருத்து. ஊழியத்துக்குப் போன பிள்ளைகள் முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்கு போன் செய்யலாம். 2019 பிப்ரவரி முதல் வாரா வாரம் பேசலாம் என்றார்கள். போன் விதி, பிள்ளைகளின் ஞானஸ்நான விதி, கல்யாண விதி மூன்றும் ஒரே ஆண்டில், நான்கு மாதத்துக்குள் மாறின. எதுவும் இடிந்து விழவில்லை.

அட்டை இல்லாத அப்பாவுக்கு சீலிங் அறைக்குள் இன்னும் இடமில்லை. காத்திருப்பு விதி போன பிறகும், முதலில் வெளியே கல்யாணம் செய்யும் ஜோடியை 'ஏன் அப்படி?' என்று கேட்கும் உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பிஷப் ஒரு வார்த்தை சொல்லலாம். அதற்குத் தலைமையகத்திலிருந்து கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.