மணிக்கயிறு எட்டாதார்க்கு முறை யாது?

திருக்குறளும் மனுவேந்தன் வரலாறும் உளவாக, மேலைக்கல்வி சார்ந்த நீதியாராய்ச்சி நூல்கள் தமிழர்க்கு எற்றுக்கு என வினவுவார் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. என்னை?

ஆரூரிற் பேசாப் பசுவும் ஆராய்ச்சிமணியை அசைத்தது. அரசன் தன் மைந்தன்மேலேயே தேரூர்ந்தான். அஃதொக்கும். அத்தகு வேந்தன் வாயாத காலத்து முறை எங்ஙனம் நிற்கும் என்பதே இந்நூல்களின் ஆராய்ச்சி. எந்நிலையிற் பிறப்போம் என்றறியாதார்போல நின்று நெறி வகுக்க என்றார் ஜான் ரால்ஸ், 1971-இல். விதி செவ்விதாதல் ‘நீதி’, மாந்தர் மெய்யாக எய்தும் வாழ்வு ‘நியாயம்’ எனப் பிரித்துப் பின்னதனை நோக்குக என்றார் அமர்த்தியா சென், 2009-இல்.

இப்பகுப்பு ஏட்டளவிற்றன்று. ஆலங்காயத்தார்க்கு ஜவ்வாதுமலை கண்ணெதிரே நிற்கின்றது. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள், செம்மரம் வெட்ட வந்தோர் எனச் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவலராற் சுடப்பட்டு மாண்ட 20 பேருள் அம்மலையாரும் இருந்தனர். சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, உசாவுமுன் உயிர் போயிற்று. பசுவிற்கு எட்டிய கயிறு இவர்க்கு எட்டிற்றில்லை.

ஆகலின், குறளும் புராணமும் வல்லார் இந்நூல்களையுங் கற்று மாணாக்கர்க்குத் தமிழில் விளக்குதல் கடன். மணியைப் புகழ்ந்து கயிற்றை மறத்தல் சைவமுமன்று, செங்கோன்மையுமன்று.