புயல் மதுரைக்கு வராதாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் மதுரையில் என்னென்ன நடக்கும் என்பதை இங்குள்ளவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஓர் ஆய்வுக் கூட்டம், 1077-க்கு அழைக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு, மணல் மூட்டைகளுக்கு முன்னால் நின்று ஒரு படம். புயல் வேறெங்கோ கரையைக் கடந்துவிட்டால் அத்தோடு சரி. கடல் ராமநாதபுரத்துக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்ற இந்த நினைப்பைக் கண்டித்தே எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்ததோடு ஓயவில்லை. திண்டுக்கல் வரை வந்தது; கொடைக்கானல் மலையில் மண் சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2020 டிசம்பரில் புரெவி பாம்பன் அருகே கடலிலேயே நின்று வலுவிழந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா இலங்கையைச் சின்னாபின்னமாக்கிவிட்டு நம் கரையோரமாக வடக்கே போய்விட்டது. இரண்டு முறையும் நாம் தப்பியது நிர்வாகத்தின் ஏற்பாட்டால் அல்ல.

மதுரை மூழ்கப் புயல்கூட வேண்டாம். 2024 அக்டோபர் 25 பிற்பகல் மூன்று மணிக்குப் பிடித்த மழை, கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ. கொட்டியது. செல்லூர், நரிமேடு, ஆத்திகுளம், கட்டபொம்மன் நகர் வீடுகளுக்குள் சாக்கடையும் மழைநீரும் சேர்ந்தே புகுந்தன. தீபாவளிக்கு எடுத்துவைத்த துணிமணி, அரிசி மூட்டை, ஃப்ரிட்ஜ் எல்லாம் போயின. செல்லூர்க் கண்மாய்த் தண்ணீர் வைகைக்குப் போக 290 மீட்டருக்குச் சிமெண்ட் கால்வாய் கட்டுவதற்கு ரூ.11.9 கோடி ஒதுக்கினார் முதல்வர். நல்லது. ஆனால் 2025 மே 31 அன்று அதே முதல்வர் மதுரை வந்தபோது, அவர் போகும் வழியில் சகதி நிறைந்த பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தார்கள்! விஷயம் வெளியே தெரிந்து, அவரே வாய்க்காலை வந்து பார்த்தார். துணி வாங்கிய காசுக்கு நாலு லோடு சகதியை அள்ளியிருக்கலாம்.

தூர்வாருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாருகிறார்கள், பருவமழை தொடங்கிய பிறகு. ஜேசிபி இறங்கி, சகதியையும் பாலித்தீன் பைகளையும் கிழிந்த மெத்தையையும் அள்ளி அங்கேயே கரையில் குவிக்கிறது. லாரி வருவதற்குள் மழை வந்துவிடும்; குவித்ததெல்லாம் திரும்ப வாய்க்காலுக்குள். கேட்டால் கண்மாய் நீர்வளத் துறையுடையது, வாய்க்கால் மாநகராட்சியுடையது என்று பதில் வருகிறது. மாநகராட்சி அலுவலகமே தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. வேறு யாரிடம் போய் முறையிட?

எச்சரிக்கை விடுவதில் வைகை அணைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. 71 அடி அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் தகவல் போய்விடும். செல்லூர்க் கண்மாய்க்கோ வண்டியூர்க் கண்மாய்க்கோ அடிவாரியாக இப்படி எச்சரிக்கும் வழக்கம் உண்டா? மறுகால் பாய்வது, தண்ணீர் வாசற்படி ஏறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது. வைகைக்குள்ளும் நிலைமை சரியில்லை. 2021 நவம்பரில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு வெள்ளம் கரையோரச் சாலைகளில் ஏறியதைப் பார்த்தோமே!

ஆகவே மாவட்ட ஆட்சியரையும் மாநகராட்சி ஆணையரையும் கேட்டுக்கொள்கிறேன். தூர்வாரும் வேலையை ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். அள்ளிய சகதியை அன்றைக்கே அப்புறப்படுத்தாத ஒப்பந்ததாரருக்குப் பணம் தராதீர்கள். நகரக் கண்மாய் ஒவ்வொன்றிலும் அளவுகோல் நட்டு, தண்ணீர் எந்த அடியைத் தொட்டால் எந்தத் தெருவுக்குச் சொல்ல வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். எந்த வாய்க்காலில் வேலை முடிந்தது, எதில் முடியவில்லை என்ற பட்டியல் செப்டம்பர் 30-க்குள் ஒவ்வொரு வார்டு அலுவலக வாசலிலும் ஒட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை - 2